சாமி பாடமும் சீமாறும்

சாமி பாடம் எடுக்கச் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. எடுக்கிறேன் என்றுதான் சொன்னேன். கோபம் வந்தது சீமாறைப் பார்த்த பிறகு. அன்றைக்கு வந்த கோபம் இத்தனை வருஷத்தில் கொஞ்சமும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

ஆட்டையாம்பட்டிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே, ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஓர் ஊர். பேர் வேண்டாம். முப்பதுகளின் நடுவில் அங்கே ஒரு மானியப் பள்ளிக்கூடம் இருந்தது. வகுப்பு நாலு, வாத்தியார் ஒருவர். எனக்கு முன்னால் இருந்தவர் பள்ளிக்கூடத்தைவிடத் தறி மேல் என்று நெய்யப் போய்விட்டார். அவர் இடத்துக்கு நான் போனேன்.

நான் குடியானவர் வீட்டில் பிறந்தவள். கல்யாணம் ஆன மறு வருஷமே புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டவள். என் அப்பா ஊர் என்ன பேசினாலும் பேசட்டும் என்று என்னைச் சேலத்துக்குக் கூட்டிப்போய் டீச்சர் டிரெயினிங்கில் சேர்த்துவிட்டார். படித்து முடித்தேன். அந்தச் சுற்று வட்டாரத்தில் டிரெயினிங் முடித்த ஆள் கிடைப்பது அப்போது குதிரைக்கொம்பு. டிரெயினிங் ஆள் இல்லாத பள்ளிக்கூடத்துக்குச் சர்க்கார் மானியம் சரியாக வராது. அதனால்தான் ஒரு பெண்பிள்ளையை, அதுவும் வெள்ளைச் சேலைக்காரியை, அந்த ஊர் பொறுத்துக்கொண்டது. என் மேல் இருந்த பிரியத்தால் அல்ல.

பள்ளிக்கூடத்தை நடத்தியவர் ஊரின் பெரிய பண்ணைக்காரர். அப்படி நடத்துகிறவருக்கு மேனேஜர் என்று பேர். எங்கேயோ சுற்றி எனக்கு மாமன் முறை. சாந்தமான மனிதர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே கிடையாது. குரலை உயர்த்தாமலே எல்லாவற்றையும் நடத்திக்கொள்ளக் கூடியவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அந்த ரகம்.

முதலில் பள்ளிக்கூடம் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நடந்ததாம். கோயில் மண்டபம் என்றால் சேரிப் பிள்ளைகள் வர முடியாது. எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் மானியம் கிடையாது என்று சர்க்காரிலிருந்து நெருக்கினார்கள். மேனேஜர் மறுபேச்சுப் பேசாமல் ஏரிக்கரையோரம் ஒரு கொட்டாய் போட்டார். பனை ஓலைக் கூரை, சாணி மெழுகிய தரை. சேரிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்து தனி வரிசையாக உட்கார்ந்தார்கள். எல்லோரும் மேனேஜரை மெச்சினார்கள். நான் போய்ச் சேர்ந்த அன்று நானும் மெச்சினேன்.

சேர்ந்த அன்றே அவர் என்னிடம் சொன்னார். "அம்மிணி, காலையில முதல் மணி சாமி பாடம். நாலு தோத்திரம், நாலு நல்ல கதை. பசங்களுக்குப் பயபக்தி வேணும் பாரு."

"சரிங்க மாமா" என்றேன்.

"அது மட்டும் கோயில் மண்டபத்துல நடக்கட்டும். சாமி பாடத்தைக் கொட்டாயில வெச்சு நடத்துனா நல்லா இருக்குமா?"

அதற்கும் சரி என்றுதான் சொன்னேன். அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. மறுநாள் காலை மணி அடித்ததும் பிள்ளைகள் எல்லாம் மண்டபத்துக்கு ஓடினார்கள். சேரிப் பிள்ளைகள் ஓடவில்லை. அவர்கள் கொட்டாயின் பின்பக்கம் போனார்கள். அங்கே கூரையில் செருகியிருந்த சீமாறுகளை ஆளுக்கொன்றாக உருவிக்கொண்டு வந்து வாசலைக் கூட்ட ஆரம்பித்தார்கள். யாரும் அவர்களுக்கு அன்றைக்குச் சொல்லவில்லை. தினமும் நடப்பதுபோல் நடந்தது. மற்றவர்கள் சாமியைப் படிக்கும் நேரத்தில் இவர்கள் கூட்ட வேண்டும் என்று எப்போதோ ஏற்பாடு ஆகியிருந்தது.

நான் மண்டபத்தில் போய் நின்று "கடவுள் எங்கும் நிறைந்தவர்" என்று ஆரம்பித்தேன். பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து சீமாறு மண்ணில் இழுபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கும் நிறைந்தவர், சரக், எங்கும் நிறைந்தவர், சரக். எனக்கு வாயெல்லாம் கசந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மண்டபத்தில் விளக்கு பூஜை. பிள்ளைகள் பூவும் பொட்டுக்கடலையும் கொண்டு வருவார்கள். தோத்திரம் சொல்லித் தருவது நான். தப்பில்லாமல் பாட வைப்பது நான். விளக்கேற்றும் நேரம் வந்தால் மேனேஜர் வீட்டம்மா வருவார். "அம்மிணி, சித்தே அக்கட்ட நில்லு" என்பார். நான் தூணுக்குப் பின்னால் போய் நிற்பேன். தாலியறுத்தவள் முகத்தில் விழித்துக்கொண்டு விளக்கேற்றக் கூடாதாம். தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டே அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பேன். என் குரல் மட்டும் சாமிக்கு ஆகும், முகம் ஆகாது. இதைச் செய்தவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. எனக்கு மோரும் கம்பு தோசையும் கொடுத்தனுப்பியவர்கள்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

கூட்டுகிற பிள்ளைகளில் ஒரு பெண் இருந்தாள். மூன்றாவது படித்தாள். பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். கழித்தல் கணக்கு என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. ஆனால் எதைச் சொன்னாலும் "ஏனுங்க" என்று கேட்டுவிடுவாள். ஆறு ஏன் கிழக்கே போகுதுங்க, ராஜாவுக்கு ஏன் தாடி இருக்குதுங்க. கேட்டுவிட்டுப் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருப்பாள். பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாது.

தை மாதம் ஒருநாள் அவளுடைய அம்மா வந்தாள். மேனேஜர் பண்ணையில் களையெடுக்கிற பெண். கொட்டாய்க்குள் வராமல் வேலியோரம் நின்றுகொண்டாள். நான் வெளியே போனேன்.

"சாமி, புள்ளைய நிறுத்திக்கலாம்னு பாக்கறேனுங்க" என்றாள்.

"ஏன், என்ன ஆச்சு?"

"அவ தெனம் வந்து கூட்டறாளாமா. கூட்டறதுன்னா பண்ணையிலயே கூட்டலாமுங்களே. அங்கத்த கூட்டுனா ஒரு வட்டல் கூழாச்சும் ஊத்துவாங்க. அதுக்கு எதுக்குங்க பள்ளிக்கூடம்?"

அவள் சண்டை போடுகிற மாதிரிச் சொல்லவில்லை. சந்தையில் விலை விசாரிக்கிற மாதிரிச் சொன்னாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. கூட்டுவது முதல் மணி மட்டும்தான், மற்ற நேரம் படிக்கிறாள் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

"என்ற தங்கச்சி சேலத்து ஆசுபத்திரியில வேலைக்கு இருக்கறாளுங்க. நாலாவது முடிச்சா இவளைக் கூட்டிக்கறேன்னு சொன்னா. அதுக்குத்தானுங்க உட்டேன். கூட்டறவளாவே வளந்தா எவ கூட்டிக்குவா? கூட்டறது இவ கைக்குப் பழகிப்போச்சுன்னா அப்பறம் புடிச்சு நிறுத்த முடியாதுங்க சாமி."

நான் அவளிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். மேனேஜரிடம் பேசுகிறேன் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் வெள்ளைச் சேலையையும் பார்த்தாள். "நோம்பி வரைக்கும் பாக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாரியம்மன் நோம்பி, அதாவது ஊர்த் திருவிழா, மாசி கடைசியில். அதற்குள் சீமாறு அந்தப் பெண்ணின் கையைவிட்டுப் போகாவிட்டால் அவள் பள்ளிக்கூடத்தை விட்டுப் போய்விடுவாள். விஷயம் இவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே மேனேஜர் வீட்டுக்குப் போனேன். சாமி பாடத்தையும் கொட்டாயிலேயே நடத்தலாமா என்று கேட்டேன். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரட்டும், இப்போது கணக்குக்கு உட்காருகிற மாதிரியே தனி வரிசையில் உட்காரட்டும் என்றுகூடச் சொன்னேன். தனி வரிசை என்று என் வாயாலேயே சொன்னேன். அதைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார். "படிப்பு வேற அம்மிணி, சாமி வேற. படிப்பு சர்க்கார் குடுக்கறது, எல்லாத்துக்கும் குடுக்கட்டும். சாமி நாம காலங்காலமா கும்புட்டுட்டு வாரது."

"அவங்களும் மாரியாத்தாளைக் கும்பிடறவங்கதானுங்களே மாமா."

"கும்புடட்டும். ஆரு வேண்டாம்னா? அக்கட்ட இருந்து கும்புடட்டும்."

வீட்டம்மா எனக்கு மோர் கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்காமல் எழுந்து வந்தேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். இட்டேரிப் பாதையில் வேலி மேல் உட்கார்ந்திருந்த ஓணான்தான் கேட்டது.

ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. பள்ளிக்கூடத்தைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. சேலத்திலிருந்து வருகிறவர், படித்தவர், சர்க்கார் ஆள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் மேனேஜர் கேட்டே ஆக வேண்டும். அவர் வந்தார். தலைப்பாகை, கோட்டு, கையில் தடி. மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். நாட்டுக்கோழி அடித்து மத்தியானச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் வரிசை வரிசையாகக் கேள்வி கேட்டார். கடைசி வரிசைக்கு வந்து, என் அதிர்ஷ்டம், அந்தப் பெண்ணையே கைகாட்டினார்.

"பக்தி என்றால் என்ன? சாமி பாடத்தில் டீச்சர் என்ன சொல்லிக் கொடுத்தார்?"

அவள் எழுந்து நின்று பலகையை அணைத்துக்கொண்டாள். "அது எங்களுக்கு இல்லைங்க சாமி. அந்நேரம் நாங்க கூட்டறதுங்க" என்றாள்.

மேனேஜர் முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்ததை நான் பார்த்தேன். இதோ கேட்கப் போகிறார், இதோ கேட்கப் போகிறார் என்று நின்றேன்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். அவள் தலையைத் தடியின் பிடியால் லேசாகத் தொட்டார். "பலே, பலே. தொண்டுதான் அம்மா உயர்ந்த பக்தி. பள்ளிக்கூடத்தைச் சுத்தமாக வைத்திருப்பது பூஜையைவிட மேல். எல்லோரும் இந்தப் பெண்ணைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றார். மேனேஜர் முகத்துச் சுருக்கம் மாயமாகிவிட்டது. இரண்டு பேரும் கோழிக் குழம்புக்குப் போனார்கள்.

நான் என் வாழ்க்கையில் பல பேரை வெறுத்திருக்கிறேன். அந்த மனிதரை வெறுத்த மாதிரி யாரையும் வெறுத்ததில்லை. மேனேஜராவது தான் செய்வது என்னவென்று தெரிந்து செய்தார். இவர் அதற்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு ஊரில் யாரைப் பார்த்தாலும் மேனேஜர் இதையே சொன்னார். "தொண்டுதான் பக்தின்னு இன்ஸ்பெக்டரே சொல்லிப்போட்டாரு." சாவடியில் சொன்னார், சந்தையில் சொன்னார், எனக்கும் ஒருதரம் சொன்னார்.

மாசி மாதம் பிறந்தது. ஊரில் நோம்பி சாட்டினார்கள். கோயிலுக்கு முன்னால் கம்பம் நட்டார்கள். எங்கள் பக்கத்தில் மாரியம்மன் நோம்பிக்கு மூன்று கிளை பிரிந்த மரத்தை வெட்டி வந்து, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, கோயில் எதிரே நடுவார்கள். அதுதான் கம்பம். அது ஆத்தாளுடைய புருஷன். நோம்பி முடியும் வரைக்கும் பெண்கள் விடிகாலையில் குடம் குடமாக அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆண்கள் சுற்றி ஆடுவார்கள். நோம்பி முடிந்ததும் பிடுங்கிக் கிணற்றில் போட்டுவிடுவார்கள்.

கம்பம் நட்ட மறுநாள் காலை மண்டபத்துக்குப் போனேன். கம்பம் நேர் எதிரே மஞ்சள் வழிய நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் ஊற்ற வந்த பெண்கள் என்னைப் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நிமிஷம் ஒரு யோசனை வந்தது. அத்தனை நாள் என்னைக் குத்திக்கொண்டிருந்த முள்ளை எடுத்து நானே கையில் பிடித்துக்கொண்டேன்.

நேராக மேனேஜர் வீட்டம்மாவிடம் போனேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "அத்தை, எனக்கு மனசே சரியில்லைங்க" என்றேன்.

"ஏன் அம்மிணி?"

"ஆத்தாளுக்குப் புருஷனை நட்டு வெச்சிருக்குது. விடிஞ்சதும் தாலியறுத்தவ நான் போயி அது எதுக்க நிக்கறேன். நாளைக்கு ஊருக்கு ஒண்ணுன்னா என்னையத்தானே சொல்லுவாங்க? இந்தப் பசங்க எல்லாம் அங்கத்தான் உக்காந்திருக்குதுங்க. உங்க பேரன் முதக்கொண்டு."

பேரன் என்ற வார்த்தை வேலை செய்தது. அந்தம்மாவின் கை தானாகவே தாலிக்குப் போனது. "நல்ல வேளை சொன்ன சாமி" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் நீரும் வந்தது. அந்தம்மா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்துத் தேற்றினார். அன்று மத்தியானமே சொல்லி அனுப்பினார்கள். கம்பம் இருக்கும் வரைக்கும் சாமி பாடம் கொட்டாயிலேயே நடக்கட்டும் என்று.

மறுநாள் காலை மணி அடித்ததும் சேரிப் பிள்ளைகள் வழக்கம்போலக் கொட்டாய்க்குப் பின்னால் போனார்கள். "சீமாறை வெச்சுட்டு வாங்க. உக்காருங்க" என்றேன். அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தப் பெண் சீமாறைக் கீழே போடாமலே வந்து உட்கார்ந்தாள். பாடம் முடியும் வரைக்கும் அது அவள் மடியிலேயே கிடந்தது. அடுத்த நாள் அதை எடுக்கவே இல்லை.

அந்த நாட்களில் நான் சாமி பாடம் எடுத்த மாதிரி அதற்கு முன்னும் எடுத்ததில்லை, பின்னும் எடுத்ததில்லை. கடவுள் எங்கும் நிறைந்தவர் என்று சொன்னபோது முதல்தரமாக எனக்கு வாய் கசக்கவில்லை. "எங்கயும்னா, எங்க தெருவுலயுமாங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். "ஆமாம்" என்றேன். "ஏனுங்க?" என்றாள். மேனேஜர் பேரன் திரும்பி உட்கார்ந்து, "எங்கயும்னா எங்கயுந்தான், இதுகூடத் தெரியலையா?" என்றான். எட்டு வயசுப் பையனுக்கு விளங்கியது. ஊரில் யாரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. நோம்பி அவசரத்தில் பள்ளிக்கூடம் ஒன்று இருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

பொங்கல் வைத்தார்கள், மாவிளக்கு எடுத்தார்கள், கிடா வெட்டினார்கள். கடைசியில் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டார்கள். ஊரே மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடியது. நான் என் வீட்டுக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்ற யார் வரப் போகிறார்கள்? கிணற்றில் கம்பம் விழுந்த சத்தம் கேட்டபோது எனக்கு ஒன்று தோன்றியது. புருஷன் போய்விட்டான், இப்போது ஆத்தாளும் என் ஜாதிதான். வருஷா வருஷம் தாலி அறுக்கிறாள். ஆனாலும் அவளுக்கு விளக்கு ஏற்றுகிறார்கள். என்னைத் தூணுக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். தெருவுக்குள் வராமல், வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் மஞ்சளில் நனைந்து கூத்தாடிக்கொண்டிருக்க, இவள் முகத்தில் மட்டும் களை இல்லை.

"டீச்சரம்மா, கம்பத்தைப் புடுங்கிப்போட்டாங்களாமா?"

"ஆமாம் கண்ணு."

"அப்ப நாளைக்கு நாங்க கூட்டோணுமுங்களா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சாமி நோம்பி முடிந்தால் ஒரு குழந்தைக்கு இப்படி ஒரு பயம் வருமா? வந்திருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்தேன்.

"நீ சீமாறைத் தொடாமப் பள்ளிக்கூடம் வா" என்றேன். அவள் போய்விட்டாள். என்ன செய்யப் போகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது. உலையில் அரிசி போடும்போது தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை மணி அடித்தது. பிள்ளைகள் மண்டபத்துக்கு ஓடக் கிளம்பினார்கள். "நில்லுங்கள்" என்றேன். "இன்றைக்குச் சாமி பாடம் இங்கேதான்" என்று சொல்லிக் கூரையில் இருந்த சீமாறுகளை எல்லாம் நானே உருவிக் கொண்டுவந்தேன். மேனேஜர் பேரன் கையில் ஒன்று கொடுத்தேன். மணியக்காரர் மகன் கையில் ஒன்று. கடைக்காரர் மகள் கையில் ஒன்று. எனக்கு ஒன்று வைத்துக்கொண்டேன். சேரிப் பிள்ளைகளை உட்காரச் சொல்லிவிட்டேன். அவர்கள் அத்தனை காலம் கூட்டிவிட்டார்கள், இனி இவர்கள் முறை.

"தொண்டுதான் உயர்ந்த பக்தி என்று இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா?" என்றேன். "இருக்கு டீச்சர்" என்று கத்தினார்கள். "அப்படியானால் கூட்டுங்கள்."

பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். புழுதி கிளம்ப வாசலைக் கூட்டினார்கள். மேனேஜர் பேரன் ஏரிக்கரை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். உட்கார்ந்திருந்த பிள்ளைகள்தான் தவித்துப்போனார்கள். அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானத்துக்குள் ஊரே கொட்டாய்க்கு முன்னால் வந்துவிட்டது. மணியக்காரர் வந்தார், கடைக்காரர் வந்தார். மேனேஜர் வீட்டம்மா கூட நடந்தே வந்துவிட்டார். "என்ற பேரன் கையில சீமாத்தைக் குடுத்தயா? உன்னை மனுசின்னு நெனச்சேனே" என்று அழுதார். வீட்டில் மோர் கொடுத்த அதே கையால் மண்ணை வாரி இறைத்தார். கடைசியில் மேனேஜர் வந்தார். அவருக்கு அப்போதும் குரல் உயரவில்லை.

"என்ன அம்மிணி இது?"

"சாமி பாடமுங்க மாமா. தொண்டுதான் பக்தின்னு நீங்களே ஊரெல்லாம் சொன்னீங்களே. அந்தப் பக்தி உங்க பேரனுக்கு மட்டும் எதுக்கு இல்லாமப் போகோணும்?"

அவர் என்னையே பார்த்தார். நானும் பார்த்தேன்.

"இன்னிமே நம்ம பசங்க கூட்ட வேண்டாம்" என்றார்.

"அப்ப யாரும் கூட்ட வேண்டாமுங்க. எல்லாரும் உக்காந்து பாடம் படிக்கட்டும். நான் கூட்டிக்கறேன்."

"பாடம் மண்டபத்துல" என்றார்.

"மண்டபத்துக்கு எல்லாரும் வருவாங்களா மாமா?"

கூட்டம் முணுமுணுத்தது. என்னை அனுப்பிவிடலாம் என்று அவர் யோசித்ததும், வேறு டிரெயினிங் ஆளுக்கு எங்கே போவது என்று யோசித்ததும் அவர் முகத்திலேயே தெரிந்தது. கணக்குப் போட்டு முடித்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சாமி பாடமே வேண்டாம் அம்மிணி. நிறுத்திப்போடு. முதல் மணிக்குக் கணக்கு எடு."

இதைச் சொன்னபோது அவருக்குத் துளி வருத்தம் இல்லை. பயபக்தி வேண்டும் என்று சொன்ன மனிதர். காலங்காலமாகக் கும்பிட்டு வந்தது என்று சொன்ன மனிதர். அந்தச் சேரிப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார வேண்டும் என்றால் சாமியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கூட்டத்தில் ஒருவர் மறுக்கவில்லை. வீட்டம்மாவும் மறுக்கவில்லை. நல்ல முடிவு என்று சொல்லிக்கொண்டு கலைந்து போனார்கள். அதற்குப் பிறகு எவராவது என்னிடம் வந்து தெய்வ பக்தி பற்றி நெக்குருகிப் பேசினால் எனக்கு அந்தத் துண்டு உதறிய சத்தம்தான் கேட்கும்.

அந்தப் பெண் நின்றுபோகவில்லை. மறு வருஷம் நாலாவது முடித்துச் சித்தியோடு சேலத்துக்குப் போனாள். ஜெயித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள இது போதும். ஆனால் எனக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. அதற்குக் காரணம், ஊர் கூடிக் கலைந்த மறுநாள் காலை நடந்தது.

முதல் மணி அடித்தது. எல்லோரும் கொட்டாயில் உட்கார்ந்தார்கள். வாசலை நான் முன்கூட்டியே வந்து கூட்டி வைத்திருந்தேன். பலகையில் கழித்தல் கணக்கு எழுதச் சொன்னேன். அந்தப் பெண் எழுதவில்லை. எழுந்து நின்றாள்.

"டீச்சரம்மா, சாமி பாடம் இல்லைங்களா?"

"இல்லை கண்ணு. நிறுத்தியாச்சு."

"ஏனுங்க?" என்றாள். பலகையை அணைத்துக்கொண்டாள். பிறகு அவளே கேட்டாள். "நாங்க உக்காந்ததாலதானுங்களா?"

ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அந்தப் பிள்ளையிடம் அத்தனை பேர் பொய் சொல்லியிருந்தார்கள், நானும் ஒன்று சொல்ல வேண்டுமா? "ஆமாம்" என்றேன்.

அவள் அழவில்லை. யோசித்தாள். "இப்பக் கணக்குக்கும் உக்காந்திருக்கறமுங்களே. கணக்கையும் நிறுத்திப்போடுவாங்களா?"

"நிறுத்த மாட்டாங்க சாமி" என்றேன். "கணக்கு அவங்களுக்கு வேணும்."

அவள் உட்கார்ந்து கணக்கை எழுத ஆரம்பித்தாள்.